தட்டினால் ஏறும் எண். தெரியாமல் கரையும் காசு

பெருநகரங்களின் மின்சார ரயில்களிலும், பஸ் நிறுத்தங்களிலும், தொழிற்சாலைகளின் உணவு இடைவேளையிலும் கைப்பேசித் திரையை ஒரே இடத்தில் ஓயாமல் தட்டிக்கொண்டிருப்போரை இன்று காணலாம். அவர்கள் செய்தி அனுப்பவில்லை, படமும் பார்க்கவில்லை. திரையில் ஒரு பிஸ்கட்டோ, ஒரு நாணயமோ, ஓர் எலியோ இருக்கும். அதைத் தட்டினால் எண் ஒன்று கூடும். எண் சேர்ந்தால் தானே தட்டிக்கொள்ளும் யந்திரம் ஒன்றை வாங்கலாம். பிறகு தட்டாமலே எண் ஏறும். 'ஐடில் கேம்' என்றும் 'கிளிக்கர்' என்றும் வழங்கப்படும் இந்த ஆட்டங்களைச் சும்மா இருந்தே ஆடும் ஆட்டம் எனலாம்.

சும்மா கிடைக்கும் பொழுதுபோக்குத்தானே, இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இலவசம் என்று வாசலில் எழுதிவிட்டு உள்ளே கல்லாப்பெட்டி வைத்திருக்கும் வியாபாரம் இது. மாதச் சம்பளத்திலும் தினக்கூலியிலும் குடும்பம் நடத்துவோர் இதன் கணக்கைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கேலியாகப் பிறந்த ஆட்டம்

2009-ல் 'ஃபார்ம்வில்' என்ற பண்ணை விளையாட்டு ஃபேஸ்புக்கில் புகழ் பெற்றது. விதைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், குறித்த நேரத்தில் வந்து அறுக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் காசு கொடுக்கலாம். இதைக் கேலி செய்ய நினைத்த இயன் போகோஸ்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர், 2010-ல் 'கௌ கிளிக்கர்' என்ற ஆட்டத்தை உருவாக்கினார். அதில் ஒரு பசுமாட்டின் படம் உண்டு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அதைத் தட்டலாம். ஆட்டம் அவ்வளவே. ஆறு மணி நேரம் காத்திருக்க முடியாதவர் பணம் கட்டலாம். அழகான மாடு வேண்டுமென்றாலும் பணம் கட்டலாம்.

கேலி என்று புரிந்துகொண்டு மக்கள் விலகிவிடுவார்கள் என்பதே எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. ஆயிரக்கணக்கானோர் அதை உண்மையாகவே ஆடினர். பலர் பணமும் கட்டினர். 2011-ல் மாடுகளை எல்லாம் அவர் மறைத்துவிட்டார். மாடு இருந்த வெற்றிடத்தையும் சிலர் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தனர். எண் ஏறுவதைக் காணும் ஆசை ஒன்றே மனிதனைக் கட்டிப்போடப் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2013-ல் ஜூலியன் தியன்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் உருவாக்கிய 'குக்கி கிளிக்கர்' இவ்வகையைப் பரப்பியது. 2014-ல் வந்த 'அட்வென்ச்சர் கேப்பிடலிஸ்ட்' எலுமிச்சைச் சாறு விற்கும் கடையில் தொடங்கி, பெருமுதலாளி ஆவதாகக் கணக்குக் காட்டியது. அதன் பிறகு கைப்பேசிகளில் இவை புற்றீசல் போலப் பெருகிவிட்டன.

பதினைந்து சதவீதத்தின் சூழ்ச்சி

இந்த ஆட்டங்களின் உள்கணக்கு எளிமையானது. 'குக்கி கிளிக்கர்' ஆட்டத்தில் முதல் கருவியின் விலை 15 பிஸ்கட். ஒவ்வொன்று வாங்கும்போதும் அடுத்ததன் விலை 15 சதவீதம் ஏறும். பத்து வாங்கிய பிறகு விலை சுமார் 61. இருபது வாங்கிய பிறகு சுமார் 245. ஐம்பது வாங்கிவிட்டால் 16 ஆயிரத்தைத் தாண்டிவிடும். வட்டிக்கு வட்டி போடும் அதே கணக்குத்தான். கருவி ஒவ்வொன்றும் தரும் வருமானமோ அந்த வேகத்தில் ஏறுவதில்லை. ஆகவே தொடக்கத்தில் நொடிக்கு நொடி முன்னேற்றம் தெரியும். போகப் போக ஓர் அடி எடுத்து வைக்க ஒரு நாள் ஆகும்.

இப்படிச் சலிப்பு வரும் இடத்தில்தான் வியாபாரிகள் கடை விரிக்கிறார்கள். 'குக்கி கிளிக்கர்' இணையத்தில் இலவசமாகவே ஆடக்கூடியது; பிஸ்கட்டைக் காசுக்கு விற்கவில்லை. பின்னால் வந்த கைப்பேசி ஆட்டங்கள் பலவும் அப்படி இல்லை. அரை நிமிஷ விளம்பரம் பார்த்தால் சில மணி நேரத்துக்கு லாபம் இரட்டிப்பு என்கின்றன. வைரக்கல் வாங்கினால் எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டாம் என்கின்றன. விளம்பரமே வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு விலை. எதையும் வாங்காதவர், எண்ணை முழுவதுமாக இழந்து முதலிலிருந்து தொடங்கினால் வேகம் கூடும் என்று ஆசை காட்டப்படுகிறார். ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளும் கதை இது. குடம் நிறைவதே இல்லை.

இதில் உள்ள முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். காத்திருப்பதுதான் ஆட்டம் என்று சொல்லி அழைக்கிறார்கள். உள்ளே போனபின் காத்திருக்காமல் இருப்பதற்குக் காசு கேட்கிறார்கள். ஓர் ஆட்டத்தை ஆடாமல் தாண்டிச் செல்ல மக்கள் பணம் தரத் தயாராக இருந்தால், அந்த ஆட்டத்தில் சுவை இல்லை என்றுதான் பொருள். சதுரங்கத்திலும் கேரமிலும் தோற்றவன் திறமையை வளர்த்துக்கொண்டு மறுநாள் வெல்லலாம். இதில் தோல்வி இல்லை. ஆகவே வெற்றியும் இல்லை.

யார் பணம் கட்டுகிறார்கள்?

ஆடுவோரில் பெரும்பாலோர் ஒரு காசும் கட்டுவதில்லை. அவர்களுடைய நேரம் விளம்பரதாரருக்கு விற்கப்படுகிறது. மிகச் சிலர் மட்டும் அளவுக்கு மீறிச் செலவழிக்கின்றனர். அவர்களை இத்தொழிலில் உள்ளவர்கள் 'திமிங்கிலம்' என்றே அழைக்கின்றனர். வாடிக்கையாளரை வேட்டைப் பொருளாகக் கருதும் மனப்பான்மை அந்தச் சொல்லிலேயே வெளிப்படுகிறது.

சிறு தொகைதானே என்ற எண்ணமும் ஏமாற்றுகிறது. உதாரணத்துக்கு 89 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 4,628 ரூபாய். ஊரில் உள்ள பிள்ளையின் பள்ளிச் செலவில் ஒரு பகுதி அது. நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் மாதத்தில் 26 வேலை நாட்களுக்கு 26 மணி நேரம். மூன்று ஷிப்டுகளுக்கும் மேல்.

வாங்கிய பொருளாவது நிலைக்குமா? 'ஃபார்ம்வில்' 2020 டிசம்பர் 31-ந் தேதியுடன் ஃபேஸ்புக்கில் மூடப்பட்டது. அதில் காசு கொடுத்து வாங்கிய நிலமும் மாடும் அன்றோடு போயின.

தட்டினால் பணம் என்ற ஆசை

2024-ல் இந்த ஆட்டம் வேறு வேடம் போட்டது. டெலிகிராம் செயலியில் 'நாட்காயின்', 'ஹாம்ஸ்டர் காம்பாட்' ஆகியவை பரவின. ஓர் எலியின் படத்தைத் தட்டித் தட்டிச் சேர்க்கும் புள்ளிகள் பிறகு கிரிப்டோ நாணயமாக மாறும் என்றனர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்காவிட்டால் வரவு நின்றுவிடும். ஆகவே தூக்கத்திலும் எழுந்து தட்டியவர்கள் உண்டு. நண்பர்களைச் சேர்த்தால் கூடுதல் புள்ளி.

2024 செப்டம்பர் 26-ந் தேதி நாணயம் வழங்கப்பட்டது. மாதக்கணக்கில் தட்டியவர்களில் பலருக்குக் கிடைத்தது சில டாலர் மட்டுமே. ஆண்டு முடியுமுன் நாணயத்தின் விலையும் தொடக்க விலையில் பாதிக்கும் கீழே போயிற்று. இந்தியாவில் இத்தகைய நாணயங்களில் வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி உண்டு என்பதையும் பலர் அறிந்திருக்கவில்லை. வேலையில்லாத இளைஞனுக்கு இது பொழுதுபோக்கு அல்ல. வருமானம் என்றே தோன்றியது. கூலி பேசாமல் வேலை வாங்கியதற்கு ஒப்பான செயல் இது.

சட்டம் எதுவரை?

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஆன்லைன் விளையாட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டி, பணம் திரும்ப வரும் என்ற எதிர்பார்ப்பில் ஆடும் ஆட்டங்களையே அது குறி வைக்கிறது. வைரக்கல் வாங்கும் ஆட்டத்தில் பணம் திரும்ப வருவதே இல்லை. ஆகவே சூதாட்டம் என்ற வலையில் அது எளிதில் சிக்காது.

வேறொரு வழி உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணைய வியாபாரத்தின் 13 ஏமாற்று முறைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய்யான அவசரம் காட்டுவதும், ஓயாமல் நச்சரிப்பதும் அதில் அடங்கும். "இன்னும் பத்து நிமிஷத்தில் சலுகை முடிகிறது" என்று தினமும் காட்டும் ஆட்டங்கள் இந்த வரம்புக்குள் வருமா என்பதை ஆணையம் ஆராய வேண்டும். அமெரிக்காவில் பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகள் ஆட்டங்களில் செய்த செலவுக்காக, 2014-ல் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அரசு முனைந்தால் முடியாதது இல்லை.

எல்லா ஆட்டங்களையும் ஒரே தட்டில் வைப்பதும் நியாயம் ஆகாது. 2017-ல் வந்த 'யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ்' என்ற ஆட்டத்தைக் கணினியில் இலவசமாக ஆடலாம். அதற்கு ஒரு கதை உண்டு. சில மணி நேரத்தில் முடிவும் உண்டு. முடிவு உள்ள ஆட்டம் மனிதனை வீட்டுக்கு அனுப்பிவிடும். முடிவில்லாத ஆட்டம் அவனை விடுவதில்லை.

சட்டம் வரும்வரை தற்காப்பு அவரவர் கையில் இருக்கிறது. கைப்பேசியின் கடையில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ரகசிய எண் கேட்கும்படி அமைத்துவிட வேண்டும். குழந்தைகள் கையில் கொடுக்கும் கைப்பேசியில் வங்கி அட்டையைப் பதிந்து வைக்கக் கூடாது. ஏமாற்றப்பட்டதாகக் கருதுவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பணமே திருடப்பட்டிருந்தால் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும்.

திரையில் கோடி கோடியாக ஏறும் எண்ணுக்கு எந்தக் கடையிலும் ஒரு படி அரிசி கிடைக்காது. அதற்காகக் கொடுக்கும் ரூபாய்க்குக் கிடைக்கும்.