ஏழையின் வலிக்கு ஓராண்டுதான் ஆயுளா?

சகோதரர்களே! உங்கள் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியின் அலட்சியத்தால் கை கால் இழந்தாலோ, உயிரே போனாலோ, அதை முறையிட உங்களுக்கு எத்தனை நாள் அவகாசம் என்று தெரியுமா? கணியூர் கடைவீதியில் நின்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். மின் கட்டணம் கட்டக் கடைசித் தேதி தெரியும். அடகு வைத்த நகையை மீட்கக் கடைசித் தேதி தெரியும். இதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. தெரிய வரும்போது அந்தத் தேதி போயே போயிருக்கும்!

வங்கி உங்களை ஏமாற்றினால் முறையிட ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனி ஏமாற்றினால் அதற்கொரு குறைதீர்ப்பாளர். மின்வாரியத்தின் மீது குறை என்றால் அதற்கும் ஒருவர். உயிரையே ஒப்படைக்கிறோமே, அந்த ஆஸ்பத்திரிக்கு? இல்லை! காசுக்குக் காவல் வைத்தவர்கள் உயிருக்கு வைக்க மறந்து விட்டார்கள்.

ஆகவே நாம் தட்டக்கூடிய கதவுகள் முக்கியமாக இரண்டு. ஒன்று நுகர்வோர் ஆணையம். மற்றொன்று மாநில மனித உரிமை ஆணையம். மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதலாம். அது டாக்டரின் பதிவின் மீது நடவடிக்கை எடுக்குமே தவிர, பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு வாங்கித் தராது.

இந்த இரண்டு கதவுகளும் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே மாதிரி திறக்கின்றனவா? இங்கேதான் அநியாயம் இருக்கிறது.

காசுக்கேற்ற கெடு!

1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பைச் சொன்னது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கு அது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சேவைதான் என்றது. சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி என்றால் இலவசமாகப் பார்த்துக்கொண்டவரும் நுகர்வோரே என்றது. ஆனால் எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி? அது சட்டத்துக்கு வெளியே!

இப்போது கெடுவைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 69-ஆவது பிரிவு: புகார் தர இரண்டு ஆண்டுகள். தாமதமானால் தக்க காரணம் காட்டலாம். ஆணையம் ஏற்றுக்கொண்டால் தாமதத்தை மன்னிக்கும். சரி, அரசு ஆஸ்பத்திரியின் இலவச வார்டில் படுத்திருந்தவர் எங்கே போவார்? மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம். 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 36-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? சம்பவம் நடந்த நாளிலிருந்து ஓராண்டு முடிந்து விட்டால் ஆணையம் விசாரிக்கக் கூடாது! காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்க அந்தப் பிரிவில் ஒரு வரி கூட இல்லை.

காசு கொடுத்தவனுக்கு இரண்டு ஆண்டு, அதற்கு மேல் மன்னிப்பும் உண்டு. காசில்லாதவனுக்கு ஓராண்டு, மன்னிப்பும் கிடையாது. யாருக்கு அதிக அவகாசம் வேண்டும்? வக்கீலை வீட்டுக்கே வரவழைப்பவனுக்கா, ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போய்விடும் தறிக்கூலிக்காரனுக்கா? உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமே, அதற்கு இத்தனை நாள் என்று கெடு எழுதி வைக்கவில்லையே என்பார்கள் சட்டம் படித்தவர்கள். போடலாம்தான். கணியூரிலிருந்து சென்னைக்குப் போக வர பஸ் செலவையும், வக்கீல் பீஸையும் அவர்கள் கொடுப்பார்களா?

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கெடுவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இருபது வருடம் கழித்து வந்து ஒரு டாக்டரைக் கூண்டில் ஏற்றினால் அவருக்கு நினைவிருக்காது, பதிவேடும் இருக்காது. அவருக்கும் நியாயம் வேண்டும். நமது கேள்வி வேறு. கடிகாரத்தை எந்த நாளில் ஓட விடுகிறீர்கள்? கத்தி பட்ட நாளிலா, கத்தி என்ன செய்தது என்று நோயாளிக்குத் தெரிந்த நாளிலா?

கோவாவைச் சேர்ந்த ஒரு நர்ஸின் வழக்கைக் கேளுங்கள். 1993 நவம்பரில் மும்பையில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். அதன் பிறகு வயிற்று வலி விடவில்லை. மாத்திரையை விழுங்கி விழுங்கி ஒன்பது வருடம் ஓட்டினார். 2002-இல் ஸ்கேன் எடுத்து, மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். முதல் ஆபரேஷனில் உள்ளே விட்ட துணி அது என்று சொல்லி 2004 அக்டோபரில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். மாநில ஆணையம் கெடு முடிந்தது என்று தள்ளியது. தேசிய ஆணையம் அதை மாற்றி, விசாரிக்கச் சொன்னது. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முதல் உத்தரவையே உறுதி செய்தது!

உள்ளே மறைந்திருக்கும் பாதிப்பு என்றால் தெரிய வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்ற கொள்கையை நீதிமன்றம் ஒப்புக்கொள்ளத்தான் செய்தது. ஆனால் இவருக்குத் தொடக்கத்திலிருந்தே வலித்ததே, நர்ஸாகவும் இருந்தாரே, அந்த டாக்டரிடம் ஏன் திரும்பப் போகவில்லை என்று கேட்டது. டாக்டர் தப்புச் செய்தாரா இல்லையா என்ற கேள்விக்கே வழக்கு போகவில்லை. வலி என்பது நோட்டீஸாம்! ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்த பெண்ணுக்கு இந்த நிலை என்றால், ஓவர்லாக் மிஷின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பெண் இடுப்பு வலியை எதன் கணக்கில் எழுதுவாள்?

இங்கிலாந்திலும் அதே 1993-இல்தான் ஒரு சட்டம் வந்தது, அரசு மருத்துவத்தைப் பற்றிய புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளருக்காக. அங்கேயும் கெடு ஓராண்டுதான். ஆனால் விஷயம் பாதிக்கப்பட்டவரின் கவனத்துக்கு வந்த நாளிலிருந்து எண்ணும் ஓராண்டு! நியாயமான காரணம் இருந்தால் குறைதீர்ப்பாளர் அதையும் தளர்த்தலாம். அந்த நாட்டை நாம் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. அங்கே இலவச சிகிச்சை பெற்ற ஏழைக்குக் கிடைக்கும் இந்தச் சிறு நியாயம் நமக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம்.

உங்களுக்கு ஒரு கெடு, அவர்களுக்கு?

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கும் ஆபத்து உண்டு. குறித்த வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் தடுக்கலாம். பரிசோதிக்கவும் இல்லை, பரிசோதியுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. சில மாதம் கழித்தே அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. குழந்தையின் பார்வை போய்விட்டது. தகப்பனார் விடவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-இல் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் சுமார் 1 கோடியே 80 லட்சம் என்று உயர்த்தியது. அதற்குள் அந்தக் குழந்தைக்கு வயது பதினெட்டு!

நுகர்வோர் வழக்கைச் சாதாரணமாக மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று அதே சட்டம்தான் சொல்கிறது. நோயாளி ஒரு நாள் பிந்தினால் காரணம் கேட்கும் சட்டம், ஆணையம் பத்து வருடம் பிந்தினால் யாரிடம் காரணம் கேட்கிறது?

கெடுவை நிறுத்தவே முடியாது என்றும் சொல்ல வேண்டாம். கொரோனாவின்போது 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கெடுக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடே முடங்கியபோது கடிகாரத்தை நிறுத்த முடிந்தது. ஒரு குடும்பம் முடங்கும்போது முடியாதா?

நம் வீடுகளையும் கொஞ்சம் பார்ப்போம். ஆஸ்பத்திரியில் மவுத்து என்றால் மய்யித்தைச் சீக்கிரம் வாங்கி அடக்கம் செய்வதிலேயே நம் கவனம் முழுவதும். பிரேதப் பரிசோதனை என்றால் பதறுகிறோம். கேஸ் ஷீட் கேட்பதில்லை. பில்லையும் தொலைத்து விடுகிறோம். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறாள். ஓராண்டுக் கெடுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது. வெளியே வந்ததும் பிள்ளைகளின் வயிற்றுப்பாடு. மவுத்து இறைவன் நாட்டம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டரைக் காலியாக வைத்திருந்ததற்கும், டியூட்டி டாக்டர் வராததற்கும் மனிதன்தானே பதில் சொல்ல வேண்டும்?

பனியன் கம்பெனி சகோதரர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இலவசம் என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். 2019 ஜூலையில் குறைத்தபோது கூட 100 ரூபாய் சம்பளத்துக்கு 75 காசு உங்களிடம் பிடிக்கச் சொன்னார்கள். முதலாளியும் 3 ரூபாய் 25 காசு கட்டுகிறார். ஆகவே அது இலவசச் சேவை அல்ல, இ.எஸ்.ஐ. தொழிலாளியும் நுகர்வோரே என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி விட்டது. நுகர்வோர் ஆணையத்தின் இரண்டு ஆண்டு உங்களுக்கும் உண்டு. வழக்கைச் சிகிச்சை நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. கோவையில் பார்த்த வைத்தியத்துக்கு நீங்கள் குடியிருக்கும் திருப்பூர் மாவட்டத்திலேயே புகார் தரலாம்.

இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. "விசாரிக்கிறோம், அடுத்த மாதம் வாருங்கள்" என்று ஆஸ்பத்திரி ஆபீசில் தேனொழுகப் பேசுவார்கள். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்திருப்பீர்கள். பத்து நோட்டீஸ் விட்டிருப்பீர்கள். இவை எதற்காகவும் கடிகாரம் நிற்காது! ஆணையத்தில் புகார் பதிவாகும் நாள்தான் கணக்கு.

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது இரண்டு. மனித உரிமைச் சட்டத்தின் ஓராண்டுத் தடையைத் திருத்தி, தெரிய வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்குக் கொடுங்கள். அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டையும் விசாரிக்கும் குறைதீர்ப்பாளரை, கட்டணமின்றி, மாவட்டம் தோறும் நியமியுங்கள்.

அதுவரை ஜமாஅத்துகள் கைகட்டி நிற்கத் தேவையில்லை. உள்நோயாளியின் மருத்துவக் குறிப்புகளை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி. துக்க வீட்டில் இதைக் கேட்டு எழுத யாருக்கு நிதானம் இருக்கும்? ஜமாஅத் செயலாளர் அந்த மனுவை எழுதி, வாரிசிடம் கையெழுத்து வாங்கட்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் அடக்கம் செய்தவர்களின் பெயரும் தேதியும் எழுதும் பதிவேடு இருக்கிறது. அதில் இன்னும் மூன்று கட்டங்கள் போடுங்கள்: எந்த ஆஸ்பத்திரி, மருத்துவக் குறிப்பு வாங்கியாகி விட்டதா, ஓராண்டு முடியும் தேதி எது.