விளம்பரம் வந்தால் மட்டும் டி.வி ஏன் அலறுகிறது?

இரவு நேர சீரியல். கதாநாயகி மெல்லிய குரலில் அழுகிறாள். வசனம் கேட்கவில்லை என்று பாட்டி வால்யூமை ஏற்றுகிறார். அடுத்த நொடி விளம்பர இடைவேளை! பட்டுப்புடவைத் தள்ளுபடி அறிவிப்பில் தூளியில் தூங்கிய குழந்தை அலறி எழுகிறது. ஆரணியோ அண்ணா நகரோ, டி.வி உள்ள வீடுகளில் ரிமோட்டைத் தேடும் இந்த ஓட்டம் உண்டு.

சேனல்காரர்கள் வேண்டுமென்றே வால்யூமைக் கூட்டிவிடுகிறார்கள் என்பதுதான் பலரின் சந்தேகம். ஆனால், வித்தை பெரும்பாலும் விளம்பரத்தின் ஒலிப்பதிவிலேயே இருக்கிறது.

உச்சம் ஒன்றுதான், ஆனால்...

ஒலிபரப்பில் சத்தம் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு உண்டு. சீரியலில் கதவை அறைந்து சாத்தும்போது மட்டும் சத்தம் அந்த உச்சத்தைத் தொடும். சாதாரணப் பேச்சு அதற்கு வெகு கீழேதான் இருக்கும். விளம்பரத்தில் அப்படியில்லை. 'கம்ப்ரஷன்' என்ற உத்தியால் மெல்லிய சத்தத்தையும் தூக்கி, 30 விநாடியும் உச்சத்தை ஒட்டியே நிறுத்திவிடலாம். வரம்பு மீறவில்லை. ஆனால், காது ஒரு நொடி உச்சத்தைவிட, தொடர்ந்து வரும் சத்தத்தைத்தான் பெரிதாக உணரும்.

அளவுகோல் மாறியது

இதற்காகவே 2006-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், காது உணரும் விதத்தில் சத்தத்தை அளக்கும் முறையை வெளியிட்டது. அதன் அலகு எல்.யு.எஃப்.எஸ். டிஜிட்டல் ஒலியின் உச்சத்தைப் பூஜ்ஜியமாக வைத்துக் கீழ்நோக்கி எண்ணுவார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010-ல் மைனஸ் 23 என்று நிர்ணயித்தார்கள். அமெரிக்காவின் இலக்கு மைனஸ் 24. விளம்பரச் சத்தத்துக்கென்றே அங்கு 'காம்' சட்டம் 2010-ல் கையெழுத்தாகி, 2012 டிசம்பரில் அமலானது.

இந்த முறையில் கத்துவதால் லாபமில்லை. விளம்பரம் அளவை மீறினால், சேனல் அதன் ஒலியை மொத்தமாக இறக்கிவிடலாம். அல்லது திருப்பி அனுப்பலாம். அதனால் நல்ல மிக்ஸிங் கலைஞர்கள் பின்னணி இசையைத் தணித்து, பேசும் குரலைத் தெளிவாக்குகிறார்கள். சத்தம் குறைந்தாலும் கடைப் பெயர் காதில் விழும்.

இங்கே என்ன விதி?

இந்தியாவிலும் விதி இருக்கிறது. 1994-ம் ஆண்டு கேபிள் டி.வி விதிகளில் உள்ள விளம்பர நெறிமுறை, விளம்பரத்தின் காட்சியும் ஒலியும் மிகையாக இருக்கக் கூடாது என்கிறது. ஆனால், 'மிகை' என்றால் எவ்வளவு? அந்த வரியில் எண் இல்லை. எண் இல்லாத விதியை வைத்து யாரைப் பிடிப்பது?

நீங்கள் செய்யக்கூடியவை

* டி.வி-யின் சவுண்டு செட்டிங்கில் 'ஆட்டோ வால்யூம்' அல்லது 'நைட் மோட்' இருந்தால் ஆன் செய்யுங்கள். ஏற்ற இறக்கம் குறையும்.

* விளம்பர நெறிமுறை மீறப்பட்டதாகக் கருதினால், சேனலுக்கு எழுத்துபூர்வமாகப் புகார் செய்யலாம். 2021 திருத்த விதிகளின்படி 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதற்கு ஒப்புகையும், 15 நாள்களுக்குள் முடிவும் தர வேண்டும்.

* சேனல், தேதி, நேரம், விளம்பரத்தின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். 'சத்தம் ஜாஸ்தி' என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது.