வறுத்த இறாலும் கேட்க வேண்டிய கேள்வியும்

சிதம்பரம் என்றவுடன் சம்பா சாதத்தையும் கொத்சுவையும் மாத்திரமே நினைப்பவர்கள், அந்நகருக்குக் கிழக்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளில், இருளர் மக்கள் நீரில் இறங்கிக் கைகளால் துழாவியே இறால் பிடிக்கின்ற அபூர்வ வித்தையை அறியார்கள். அந்த இறாலில் மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தடவி, நிறம் மாறும் அளவுக்கு மாத்திரம் வறுத்து உடனே இலையில் இடுவார்களாயின், அதற்கு நிகரான பதார்த்தம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். (மசாலா மிஞ்சிவிட்டால் இறால் இருந்தென்ன, இல்லாமற் போனால் என்ன?)

இப்படிச் சூட்டோடு உண்ணும் விஷயத்தில், சீனத்துக் காண்டன் நகரத் தேநீர்ச் சாலைகளில், கணவாய் வறுவல் முதலியவற்றைச் சிறு தட்டுகளில் தருவித்து, பலர் கூடிச் சூடு ஆறுமுன் பகிர்ந்துண்பது சம்பிரதாயம். நம்மவரோ கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்கு அருகிலேயே உட்கார்ந்துகொண்டு, வஞ்சிரம் ஒன்றையே கேட்டு, அது இல்லையென்றால் முகம் சுளிக்கின்றனர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத காலத்தில் அவ்விதம் கேட்பது என்ன நியாயம்? "இன்று கரைக்கு வந்தது எது?" என்று பரிசாரகரை வினவி, நெத்திலியானாலும் கணவாயானாலும் முதலில் ஒரு தட்டு மாத்திரம் சொல்லி, அது தீர்ந்தபின் மறுபடியும் தருவிப்பதே உசிதம். ஹோட்டல்காரர்களும் அன்றைய மீனின் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைப்பார்களாயின், அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் நேர்ந்துவிடாது.