உங்களுக்கு எவ்வளவு ஜெர்மன் தெரியும்? நீங்களே அளந்து பார்ப்பது எப்படி

1.
நர்ஸிங் முடித்த தம்பி தங்கைகளும், எம்.பி.பி.எஸ். முடித்த ஜூனியர்களும் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி: "டாக்டர், பி1 முடிச்சுட்டேன். ஜெர்மனி போக இது போதுமா?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "பி1 இருக்கட்டும்ப்பா. ஜெர்மன்ல உன்னால என்னென்ன செய்ய முடியும்?"

பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். எந்த வெளிநாட்டு மொழி கற்பவராக இருந்தாலும் பொறுமையாக வாசியுங்கள்.

2.
மொழி விஷயத்தில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சொல்கிறேன்.

"எனக்கு சுகர் இருக்கிற மாதிரியே தெரியல டாக்டர், உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று ஒருவர் சொல்வார். மூன்று மாத சராசரியைப் பார்த்தால் 10-க்கு மேல் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவதை வைத்து மாத்திரை எழுத முடியாதே!

மொழியிலும் இதே கதைதான். "ஓரளவு தெரியும்", "நல்லா புரியுது" எல்லாம் தோன்றுவது. அளந்தது கிடையாது.

3.
இதற்கு அழகான ஓர் ஆய்வு இருக்கிறது. 2008-ல் சயன்ஸ் இதழில் வந்தது. செய்தவர்கள் ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இரண்டு உளவியலாளர்கள்.

அமெரிக்க மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்களை ஆங்கில அர்த்தத்தோடு கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டால், அதன்பிறகு சிலருக்கு அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் கொடுத்தார்கள். சிலருக்குத் திரும்பத் திரும்ப டெஸ்ட் வைத்தார்கள்.

4.
ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், டெஸ்ட் எழுதிக்கொண்டே இருந்தவர்களுக்குச் சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது. வெறுமனே படித்துக்கொண்டே இருந்தவர்களுக்குச் சுமார் 35 சதவீதம்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. முன்கூட்டியே "உங்களுக்கு எத்தனை நினைவிருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டபோது எல்லாக் குழுவும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னது: பாதி.

80 எடுக்கப்போகிறவருக்கும் தெரியவில்லை, 35 எடுக்கப்போகிறவருக்கும் தெரியவில்லை.

5.
ஏன் இப்படி? பார்த்ததை அடையாளம் கண்டுகொள்வது ஒரு வேலை. ஒன்றுமே இல்லாத இடத்தில் சொல்லை நாமே எடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலை சுலபமாக நடப்பதைப் பார்த்து, இரண்டாவதும் வந்துவிட்டது என்று நம் மூளை கணக்குப் போட்டுவிடுகிறது.

நம்மில் பலர் சப்டைட்டில் இல்லாமலே மலையாளப் படம் பார்க்கிறோம். நன்றாகப் புரிகிறது. திருச்சூரில் இறங்கி, மொபைலில் சார்ஜ் இல்லாமல், ஆட்டோக்காரரிடம் போக வேண்டிய இடத்தை மலையாளத்திலேயே விளக்கிப் பாருங்கள். அப்போது தெரியும் நம்ம மலையாளம்.

6.
"படிச்சவங்களுக்கு இந்தப் பிரச்சனை இருக்காது" என்று நினைக்க வேண்டாம். டாக்டர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சுயமதிப்பீட்டையும் வெளியிலிருந்து அளந்ததையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் ஜாமா இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலான ஒப்பீடுகளில் இரண்டுக்கும் பெரிதாகத் தொடர்பே இல்லை. திறமை குறைவாகவும் தன்னம்பிக்கை அதிகமாகவும் இருந்தவர்களின் கணிப்புதான் ரொம்பவே தப்பியது.

7.
இதற்கு நேர் எதிரான ஆட்களும் நம்மிடம் உண்டு. இலக்கணம் அத்துப்படி, ஆனால் "எனக்கு இங்கிலீஷ் பேச வராது சார்" என்று ஒதுங்கிப் போகிறவர்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே பயந்துவிட்டவர்கள்.

அதே நேரம் மாமல்லபுரத்தில் கல் சிற்பம் விற்கும் அண்ணன் நான்கு நாட்டுக்காரரோடு பேரம் பேசி வியாபாரத்தை முடிக்கிறார். அவரிடம் கேளுங்கள், "எனக்கு ஒரு மொழியும் தெரியாதுங்க" என்பார்!

ஆக, அதிகமாக நினைப்பதும் தப்பான அளவீடு, குறைவாக நினைப்பதும் தப்பான அளவீடு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: செய்து பார்ப்பது.

8.
ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று சொல்கிறோமே, இந்த ஆறு நிலைகளை ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் நூலாக வெளியிட்டது. அது இந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது.

இத்தனை சொல் தெரிந்தால் பி1, இந்த இலக்கணப் பாடம் முடித்தால் பி2 என்று அதில் இல்லை. "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற வாக்கியங்கள்தான் இருக்கின்றன. கேட்பது, வாசிப்பது, உரையாடுவது, தொடர்ந்து பேசுவது, எழுதுவது என்று ஐந்தும் தனித்தனி. நம்மை நாமே மதிப்பிட்டுக்கொள்ள ஒரு பக்க அட்டவணையே போட்டிருக்கிறார்கள். இணையத்தில் இலவசம்.

காசு கட்டி ஜெர்மன் கற்கும் பலர் அந்த அட்டவணையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பதுதான் வருத்தம்.

9.
ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா? ஹீமோகுளோபின் எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்பீர்கள் அல்லவா?

மொழியும் அப்படித்தான். வாசிப்பதில் பி2, கேட்பதில் பி1, பேசுவதில் ஏ2 என்று ஒரே ஆளுக்குள் மூன்று நிலைகள் இருக்கலாம். நம்ம ஊர் மாணவர்களிடம் இந்த வரிசை ரொம்ப சகஜம், ஏனென்றால் நாம் புத்தகத்தை வைத்துத்தான் மொழி படிக்கிறோம்.

10.
அந்த அட்டவணையை எடுத்து "முடியும், முடியும், முடியும்" என்று டிக் அடித்துக்கொண்டே போனாலும் பிரயோஜனம் இல்லை. டிக் அடிக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

அகராதி, மொபைல், பக்கத்து சீட் நண்பன் துணை இல்லாமல் செய்தேனா?
முதல் தடவையிலேயே செய்தேனா, நான்கு முறை ஒத்திகை பார்த்த பிறகா?
என் வாத்தியாரைத் தவிர வேறு ஆளிடம் செய்தேனா?

மூன்றுக்கும் "ஆம்" என்றால்தான் அந்த வரி உங்களுடையது.

மூன்றாவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் பழகிய வாத்தியாருக்கு நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று முன்பே தெரியும். பாதி வாக்கியத்தை அவரே முடித்துக்கொள்வார்.

11.
"அப்போ சர்டிஃபிகேட் எதுக்கு?" நியாயமான கேள்வி.

கோதே நிறுவனத்தின் பி1, பி2 தேர்வுகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் எடுத்தால் பாஸ். நல்ல தேர்வு, நியாயமான தேர்வு. உள்ளே போக அந்தச் சீட்டு கட்டாயம் வேண்டும்.

ஆனால் 60-ல் பாஸ் என்றால், மீதி 40 கைவிட்டுப் போயிருந்தாலும் அதே பாஸ்தான். தேர்வில் அந்த 40-க்கு மார்க் மட்டும்தான் போகும். வார்டில் அப்படியா?

12.
உதாரணத்துக்கு எண்கள். தமிழில் இருபத்து நான்கு என்கிறோம். பத்து முதலில், ஒன்று பிறகு. ஜெர்மனில் தலைகீழ்: "ஃபியர் உண்ட் ஸ்வான்ஸிக்". அதாவது நான்கும் இருபதும்.

எண்கள் முதல் மாதப் பாடம். எல்லோருக்கும் "தெரியும்". இப்போது இரவு இரண்டு மணி, போனில் டியூட்டி டாக்டர் வேகமாக 24 யூனிட் இன்சுலின் என்கிறார். காதில் நான்கு முதலில் விழுகிறது, கை 4 எழுதுகிறது, அடுத்து 2. பேப்பரில் 42.

நோயாளி தாழ்சர்க்கரையில் மயங்கிப் போவார். உயிருக்கே ஆபத்து.

13.
இன்னொன்று. ஆபரேஷனுக்கு முன் கேட்கும் கேள்வியில் "ந்யூஹ்டெர்ன்" என்று ஒரு சொல் வரும். வெறும் வயிறு என்று அர்த்தம். குடிபோதையில் இல்லாமல் தெளிவாக இருப்பதற்கும் அதே சொல்தான்.

"மியர் இஸ்ட் ஷ்லெஹ்ட்" என்று நோயாளி சொன்னால், சொல்லுக்குச் சொல் பார்த்தால் "எனக்கு மோசமாக இருக்கிறது". உண்மையில் அவர் சொல்வது குமட்டுகிறது என்று. "ஷ்விண்டெல்" என்றால் தலைசுற்றல், ஏமாற்று வேலைக்கும் அதே சொல்.

சொல் தெரியாவிட்டால் கேட்டுவிடலாம். தெரிந்த சொல் வேறு அர்த்தத்தில் வந்தால் கேட்கவே தோன்றாதே! ஆபத்து அங்கேதான்.

14.
இது கற்பனை பயம் கிடையாது. 1980, அமெரிக்காவின் ஃபுளோரிடா. 18 வயது இளைஞர் சுயநினைவில்லாமல் மருத்துவமனைக்கு வருகிறார். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். ஸ்பானிஷில் "இன்டாக்ஸிகாடோ" என்று சொல்கிறார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் அர்த்தம்.

மருத்துவமனையில் அதை ஆங்கிலச் சொல்லோடு சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். போதைப்பொருள் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று வைத்தியம் நடந்தது. உண்மையில் அவருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு. கண்டுபிடிக்கத் தாமதமாகி, இரண்டு கைகளும் இரண்டு கால்களும் செயலிழந்தன. இழப்பீடு சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் என்று ஒப்பந்தமானது.

15.
அங்கே மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏன்? இரண்டு பக்கமும் "புரிந்துவிட்டது" என்று நினைத்தார்கள்.

அதனால் என் கருத்து இது. ஒரு மொழியில் நம் நிலையைக் காட்டும் முதல் அடையாளம், "எனக்கு இது புரியல" என்று அந்த நொடியிலேயே நமக்குத் தெரிவதும், அதை அந்த மொழியிலேயே கூச்சமில்லாமல் சொல்வதும்தான். "24 தானே? இரண்டு, நான்கு?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்த பி1 ஆளை நான் நம்புவேன். எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டும் பி2 ஆளை நம்ப மாட்டேன்.

16.
ஜெர்மனியும் இதைப் புரிந்துதான் வைத்திருக்கிறது. நர்ஸ்களின் தகுதி அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். டாக்டர்களுக்குப் பொது ஜெர்மன் பி2 போக, சி1 அளவில் தனியாக மருத்துவ மொழித் தேர்வு.

அதில் மூன்று பகுதிகள், தலா 20 நிமிடம். நோயாளியிடம் பேசி விவரம் கேட்க வேண்டும், அதை எழுத வேண்டும், பிறகு இன்னொரு டாக்டரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்புக எல்லாம் இல்லை. வேலையைச் செய்து காட்டு, அவ்வளவுதான்.

17.
சரி, வீட்டிலேயே எப்படி அளப்பது? மாதம் ஒரு ஞாயிறு, ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டு போடுங்கள்.

அ) எண் டெஸ்ட். நண்பரை போனில் 20 எண்களை வேகமாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். டோஸ், தேதி, போன் நம்பர் எல்லாம் கலந்து. 20-க்கு 20 வேண்டும். இதில் 19 என்றால் ஃபெயில்.

ஆ) கேட்டல். டாய்ச்சே வெல்லே மெதுவாக வாசிக்கும் செய்திகளை எழுத்து வடிவத்தோடு தருகிறது. எழுத்தைப் பார்க்காமல் ஒரே முறை கேட்டு ஐந்து தகவல் எழுதுங்கள். பிறகு சரிபாருங்கள். அதில் தேறினால் சாதாரண வேகச் செய்திக்குப் போங்கள்.

18.
இ) பேச்சு. ஒரு சீட்டை எடுத்து, வந்த தலைப்பில் இரண்டு நிமிடம் மொபைலில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள். மறுநாள் கேளுங்கள். எங்கெங்கே நின்றீர்கள், எங்கெங்கே ஆங்கிலத்துக்குத் தாவினீர்கள் என்று எண்ணுங்கள். பதிவை அழிக்க வேண்டாம், மூன்று மாதம் கழித்து ஒப்பிட உதவும்.

ஈ) சொல் இல்லாமல் சமாளித்தல். ஸ்டெதஸ்கோப் என்ற சொல்லை மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "காதில் மாட்டி நெஞ்சு சத்தம் கேட்கும் கருவி" என்று ஜெர்மனில் சொல்ல வருகிறதா? இது வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

உ) எழுத்து. ஷிப்ட் முடிந்து அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பது போலப் பத்து வரி. அகராதி கிடையாது. தேடத் தோன்றிய இடத்தில் எல்லாம் வட்டம் போடுங்கள்.

19.
செயலியில் 300 நாள் தொடர்ச்சி வைத்திருப்பவர்கள் கோபப்படாதீர்கள். 300 நாள் விடாமல் உட்காருவது நல்ல பழக்கம், பாராட்டுகிறேன். ஆனால் அது வருகைப் பதிவேடு. பள்ளியில் 100 சதவீத வருகைக்குப் பரிசு கொடுப்பார்கள், அந்தப் பரிசை வைத்துக் கணக்குப் பாடத்தில் பாஸ் போட மாட்டார்கள்.

20.
கடைசியாக, காசு விஷயம். "மூணே மாசத்தில் பி2, நேரா ஜெர்மனி" என்ற போஸ்டரை நம்பி அம்மாவின் நகையை அடகு வைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மொழி வராமல் தேர்வில் தட்டிப் போனால் வட்டி கட்டப்போவது அந்தக் குடும்பம்தான், போஸ்டர் ஒட்டியவர் அல்ல.

முழுப் பணத்தையும் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: "எனக்குப் பாடம் எடுக்காத வேற ஒரு ஆளை வச்சு மாதிரித் தேர்வு வைப்பீங்களா? நான்கு பகுதிக்கும் தனித்தனி மார்க் தருவீங்களா?" தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

21.
இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று. நோட்டில் "எனக்கு ஜெர்மன் தெரியும்" என்றோ "தெரியாது" என்றோ எழுதாதீர்கள். துணையில்லாமல் செய்ய முடிந்த மூன்று வேலைகள், இன்னும் முடியாத மூன்று வேலைகள், இவ்வளவு மட்டும் எழுதுங்கள். அந்த "முடியாத மூன்று"தான் உங்கள் அடுத்த மாதப் பாடத்திட்டம்.

வீட்டில் யாராவது வெளிநாட்டு மொழி படித்துக்கொண்டிருந்தால் இதைக் காட்டுங்கள். நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று கீழே சொல்லுங்கள், நேரம் கிடைக்கும்போது பதில் தருகிறேன்.