பேரீச்ச மரத்தை உலுக்கிய கரம்

மனிதனின் ஆயுள் இரண்டு பலவீனங்களுக்கு நடுவே அமைந்தது. பிறந்த அன்று தன் தலையைத் தானே நிமிர்த்த அவனால் இயலாது. முதுமையில் படுக்கையில் தன் உடலைத் தானே திருப்பிக்கொள்ளவும் இயலாது. இடையில் வரும் சில ஆண்டுகளின் வலிமையை வைத்துக்கொண்டுதான் ‘நான் செய்தேன்’, ‘என்னால் முடிந்தது’ என்று அவன் பேசித் திரிகிறான்.

திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் 54ஆவது வசனம் இவ்வுண்மையை நம் முன் வைக்கிறது. பலவீனமான நிலையில் மனிதனைப் படைத்தவன் அல்லாஹ். அதன் பின் வலிமையைத் தந்தவனும் அவனே. அவ்வலிமைக்குப் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் ஏற்படுத்துபவனும் அவனே என்பது அவ்வசனத்தின் கருத்து. வலிமையை அவன் தந்தான் என்று ஒப்புக்கொள்ளும் நாம், பலவீனமும் அவனிடமிருந்தே வருகிறது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்!

வலிமை நம் கைச்சரக்கு அன்று என்பதற்கு இஸ்லாமிய வரலாற்றின் இரு போர்க்களங்களே சாட்சி. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) பத்ரில் முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர்; எதிரே நின்ற குறைஷிகள் ஏறக்குறைய ஆயிரம் பேர். வெற்றி சிறு கூட்டத்துக்குக் கிடைத்தது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) ஹுனைனில் முஸ்லிம்களின் படை பன்னிரண்டாயிரம். அந்தப் பெருந்தொகை சிலருடைய உள்ளத்தில் பெருமிதத்தை விதைத்தது. ஹவாஸின் கூட்டத்தார் திடீரென அம்பு மழை பொழிந்தபோது அத்தனை பெரிய படையும் சிதறியது. எண்ணிக்கை அவர்களுக்கு எந்தப் பயனையும் தரவில்லை என்று அத்தவ்பா அத்தியாயம் எடுத்துச் சொல்கிறது. அல்லாஹ் தன் அமைதியை இறக்கியருளிய பின்னரே அங்கே வெற்றி வந்தது.

இதையெல்லாம் நாம் அறிவோம். மேடைகளில் கேட்டும் இருக்கிறோம். ஆயினும் பலவீனம் நம் வீட்டு வாசலைத் தட்டும்போது இரண்டு தவறுகளில் ஒன்றில் விழுந்துவிடுகிறோம். ஒன்று, ‘இனி என்னால் என்ன ஆகும்?’ என்று நிராசை கொள்வது. மற்றொன்று, ‘எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது. இவ்விரண்டுக்கும் நடுவே மார்க்கம் காட்டும் வழி எது? மூன்று பலவீனர்களின் வரலாறுகளில் அதற்கு விடை இருக்கிறது.

பிரசவ வேதனையில் ஒரு தாய்

ஹஜ்ரத் மர்யம் (அலை) அவர்கள் பைத்துல் முகத்தஸில் இறைவணக்கத்தில் ஈடுபட்டிருந்த காலத்தில், நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் உள்ளே நுழையும்போதெல்லாம் அவர்களிடம் உணவு இருக்கக் காண்பார்கள். ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால், அல்லாஹ்விடமிருந்து வந்தது என்று விடை வரும். அப்போது மர்யம் (அலை) அவர்களின் உடலில் தெம்பு இருந்தது. கையை அசைக்காமலேயே உணவு வந்தது.

பின்னர் ஒரு நாள் வந்தது. ஊரை விட்டு ஒதுங்கிய தனிமை. பழி சொல்லக் காத்திருக்கும் உலகம். பிரசவ வேதனை அவர்களை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு சேர்த்தது. இதற்கு முன்பே இறந்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கியதை மர்யம் அத்தியாயம் மறைக்காமல் கூறுகிறது. நல்லடியார்களின் உள்ளமும் வேதனையில் இப்படிக் கலங்கியதுண்டு. அக்கலக்கத்துக்காக அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதல் கூறப்பட்டது. அவர்களுக்குக் கீழே ஒரு நீரோடை உண்டாக்கப்பட்டது.

அதன் பின் வந்த கட்டளைதான் வியப்புக்குரியது. மரத்தின் அடிப்பாகத்தைத் தம் பக்கம் உலுக்குமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அது கனிந்த பழங்களை உதிர்க்கும் என்று வாக்களிக்கப்பட்டது. சிந்தித்துப் பாருங்கள்! பேரீச்ச மரத்தின் அடிமரத்தை வலுவான ஆடவர் பலர் சேர்ந்து பிடித்து உலுக்கினாலும் எளிதில் அசையுமா? பிள்ளை பெறும் வேளையில் ஒரு பெண்ணின் கரத்தில் என்ன வலு இருந்திருக்கும்? தெம்பு இருந்தபோது உழைப்பின்றி உணவளித்த இறைவன், தெம்பற்ற வேளையில் ஏன் கையை அசைக்கச் சொன்னான்?

பழத்தை உதிர்த்தது அந்தக் கரம் அன்று, அல்லாஹ்வின் ஆற்றல். ஆனால், அந்த ஆற்றல் வந்து இறங்குவதற்கு அடியாளிடமிருந்து ஒரு சிறு அசைவை அவன் விரும்பினான். மரம் அசைய வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. கரம் அசைய வேண்டும் என்றே கேட்டான்.

நோயாளியும் பாலைவனத்து அன்னையும்

நபி ஐயூப் (அலை) அவர்களைப் பாருங்கள். நோயும் இழப்பும் நெடுங்காலம் அவர்களை வாட்டின. அவர்கள் கேட்ட துஆ மிகச் சுருக்கமானது: தம்மைத் துன்பம் தொட்டுவிட்டது, இறைவனோ கருணையாளர்களுக்கெல்லாம் மேலான கருணையாளன். அவ்வளவுதான். இன்னது வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வந்த கட்டளை, காலால் பூமியைத் தட்டுமாறு கூறியது. தட்டினார்கள். குளிப்பதற்கும் குடிப்பதற்கும் குளிர்ந்த நீர் பீறிட்டது. நோயாளியிடம் மலை ஏறி மருந்து கொண்டுவரச் சொல்லவில்லை. படுத்திருப்பவராலும் செய்யக்கூடிய அளவே கேட்கப்பட்டது.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் வரலாறு ஹஜ்ஜுக்குச் செல்லும் ஒவ்வொருவரின் கால்களிலும் இன்றும் எழுதப்படுகிறது. மக்காவில் மனிதர் எவரும் இல்லாத காலம். ஒரு பையில் பேரீச்சம் பழமும் ஒரு தோல் பையில் தண்ணீரும் வைத்துவிட்டு நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் திரும்பியபோது, இது அல்லாஹ்வின் கட்டளையா என்று அன்னை கேட்டார்கள். ஆம் என்ற விடை வந்ததும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்று உறுதியோடு திரும்பினார்கள்.

அந்த உறுதியோடு அவர்கள் குழந்தையின் அருகே சும்மா அமர்ந்திருந்தார்களா? இல்லை. தண்ணீர் தீர்ந்து பிள்ளை துடித்தபோது ஸஃபா குன்றில் ஏறினார்கள். யாராவது தென்படுகிறார்களா என்று பார்த்தார்கள். இறங்கி, பள்ளத்தில் ஓடி, மர்வாவில் ஏறினார்கள். இவ்வாறு ஏழு முறை! இன்று ஸயீ செய்யும் ஹாஜிகள் அந்த ஏழு சுற்றில் நடக்கும் தூரம் சுமார் 3 கிலோமீட்டர். பாலூட்டும் தாய், தாகத்தோடு, கொதிக்கும் வெயிலில் அதை ஓடினார்கள்.

தண்ணீர் எங்கே கிடைத்தது? அவர்கள் ஏறிய ஸஃபாவில் அன்று, மர்வாவிலும் அன்று. ஓடாத இடத்தில், பிள்ளை கிடந்த இடத்தில், வானவரின் மூலம் ஜம்ஜம் பொங்கியது. அப்படியானால் அந்த ஓட்டம் வீணா? வீண் என்றால் உலக முடிவு வரை ஹாஜிகளின் கடமையாக அதை அல்லாஹ் ஆக்கியிருப்பானா? ஓட்டம் தாயின் பங்கு. ஊற்று ரப்புடைய பங்கு. ஊற்று எந்த இடத்தில் பொங்க வேண்டும் என்பதையும் அவனே தீர்மானிப்பான்.

மூவரிடமும் ஒரே நியதியைக் காண்கிறோம். பலவீனரிடம் வலியவரின் வேலையை அல்லாஹ் கேட்பதில்லை. ஆனால், அவரிடம் எஞ்சியிருக்கும் சிறிதளவை அவன் கேட்கிறான். அதைக் கொடுத்துவிட்டு, முடிவை அவனிடம் விட்டுவிடுவதற்கே தவக்குல் என்று பெயர்.

திட்டம் முடியும் இடம்

நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தும் இதையே கற்பிக்கிறது. கி.பி. 622இல் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது எத்தனை முன்னேற்பாடுகள்! மதீனா வடக்கே இருக்க, தெற்கே உள்ள தவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் ஊர்ச் செய்திகளைக் கொண்டுவந்தார். மகள் அஸ்மா (ரலி) தம் இடைக்கச்சையைக் கிழித்து உணவுப் பையைக் கட்டிக் கொடுத்தார். ஆமிர் இப்னு ஃபுஹைரா ஆடுகளை ஓட்டிவந்து பால் தந்தார். வழிகாட்டியோ முஸ்லிம் அல்லாத ஒருவர். பாலைவழி அறிந்தவர் என்பதால் கூலிக்கு அமர்த்தப்பட்டார்.

இத்தனைக்குப் பிறகும் எதிரிகள் குகை வாயிலுக்கே வந்து நின்றார்கள். எவரேனும் தம் காலடியைக் குனிந்து பார்த்தால் நம்மைக் கண்டுவிடுவாரே என்று அபூபக்ர் (ரலி) கலங்கினார்கள். மனிதத் திட்டம் அனைத்தும் முடிந்துபோன இடம் அது. அல்லாஹ்வை மூன்றாமவனாகக் கொண்ட இருவரைக் குறித்து என்ன எண்ணுகிறீர் என்ற பொருள்பட நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவரின் உள்ளத்தில் பிறந்த நிம்மதி அது!

நம் வீட்டுப் பலவீனர்கள்

இனி நம் வீட்டுக்குள் வருவோம். சர்க்கரை நோயால் கால் விரலை இழந்த ஒரு மூதாட்டி எங்கள் மஹல்லாவில் இருக்கிறார். ரமளானில் நோன்பு வைக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நலம் விசாரிக்கச் சென்ற என்னிடம், “ஹஜ்ரத், சிறு வயதிலிருந்து விடாத நோன்பு. நின்று தொழுத தொழுகையும் போயிற்று. அல்லாஹ் என்னை ஒதுக்கிவிட்டானோ?” என்று கண் கலங்கினார்.

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமன்று. நம் வீடுகளில் எத்தனையோ வாப்பாக்களும் உம்மாக்களும் வாய்விட்டுச் சொல்லாமல் இதையே நினைத்து உருகுகிறார்கள். சிலர் மருத்துவர் சொல்லையும் மீறி, பிள்ளைகளுக்கும் தெரியாமல் நோன்பு பிடித்து மயங்கி விழுகிறார்கள்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) என்ற நபித்தோழருக்கு மூல நோய் இருந்தது. தொழுகையைப் பற்றி அவர் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். தண்ணீர் உடலுக்கு ஆகாதென்றால் ஒளுவுக்குப் பதில் தயம்மும். குணமாகும் நோய் என்றால் நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயும் முதுமையும் என்றால் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவு. இவை மார்க்கம் பின்வாசலில் கொடுத்த சலுகைகள் என்று எண்ணாதீர்கள். இவையும் அல்லாஹ்வின் கட்டளைகளே. நிற்க முடிந்தவருக்கு நிற்பது வணக்கம். முடியாதவருக்கு உட்கார்வதே வணக்கம்.

இன்னும் ஒரு நற்செய்தி உண்டு. ஓர் அடியான் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, அவன் உடல் நலத்தோடு ஊரில் இருந்தபோது வழக்கமாகச் செய்த அமல்களின் நன்மை அவனுக்கு எழுதப்படுகிறது என்று புகாரியில் பதிவான நபிமொழி அறிவிக்கிறது. அந்த மூதாட்டியின் நோன்பு நின்றுபோயிருக்கலாம், கூலி நிற்கவில்லை. இதைக் கேட்டதும் அவர் முகத்தில் தோன்றிய அமைதியைச் சொல்ல எனக்குச் சொற்கள் இல்லை.

ஆனால், அந்த வீட்டிலிருந்த இளையவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்குத் தம் வீரத்தால் மற்றவர்களைவிடத் தமக்கு ஒரு மேன்மை உண்டு என்ற எண்ணம் தோன்றியது. அப்போது நாயகம் (ஸல்) அவர்கள், உங்களில் உள்ள பலவீனர்களைக் கொண்டே நீங்கள் உதவியும் உணவும் அளிக்கப்படுகிறீர்கள் என்ற கருத்தை உணர்த்தினார்கள்.

அருமைச் சகோதர சகோதரிகளே! மூலையில் கட்டிலில் கிடக்கும் தாயை நாம் சோறு போட்டுக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவரைக் கொண்டே அந்த வீட்டு அடுப்பு எரிகிறது என்கிறது நபிமொழி! அவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் மகளின் கையும், தொழுகைக்குத் திருப்பி உட்கார வைக்கும் மருமகளின் கையும், மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் மகனின் தோளும் பேரீச்ச மரத்தை உலுக்கும் கரங்களே. பழத்தை உதிர்ப்பவன் மேலே இருக்கிறான்.

பாங்குக்கு நாம் சொல்லும் பதில்

‘லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்’ என்ற திருக்கலிமாவைச் சொர்க்கத்துப் புதையல்களில் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தீமையிலிருந்து விலகும் ஆற்றலும் நன்மையைச் செய்யும் வலிமையும் அல்லாஹ்வைக் கொண்டே அன்றி இல்லை என்பது அதன் பொருள். நம் வழக்கத்திலோ, கெட்ட செய்தி கேட்டால் மட்டும் பெருமூச்சோடு சொல்லும் சொல்லாக அது சுருங்கிவிட்டது.

அக்கலிமாவுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வேறோர் இடத்தையும் அளித்துள்ளார்கள். முஅத்தின் ‘தொழுகைக்கு வாருங்கள்’, ‘வெற்றிக்கு வாருங்கள்’ என்று அழைக்கும்போது நாம் சொல்ல வேண்டிய பதில் இதுவே. ஒரு பாங்கில் நான்கு முறை. ஐவேளைப் பாங்கிலும் சேர்த்து நாளொன்றுக்கு இருபது முறை. ‘வாருங்கள்’ என்ற அழைப்புக்கு, ‘உன் வல்லமை இன்றி வரக்கூட எங்களால் இயலாது’ என்று ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவதில்லை. எழுந்து ஒளுச் செய்யப் போகிறோம். எழ முடியாதவர் கட்டிலில் இருந்தபடியே தயம்முமுக்குக் கையை நீட்டுகிறார்.

இளமையின் தெம்பில் இருப்பவருக்கும் முதுமையின் தளர்ச்சியில் இருப்பவருக்கும் அந்தப் பதில் ஒன்றே. நம்மிடம் எஞ்சியிருக்கும் சிறிதளவைக் கொண்டு அவன் பக்கம் அசையும் பாக்கியத்தையும், நம் வீட்டுப் பலவீனர்களின் துஆவைப் பெறும் பாக்கியத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.