பால் வத்திடும்னு பயமுறுத்தாதீங்கய்யா!

"டென்ஷன் ஆகாதடி, பால் வத்திடும்."

பிள்ளை பெத்த பொண்ணுக்கு நம்மாளுங்க தர்ற முதல் அட்வைஸ் இதுதான். அதோட விடுவாங்களா? பால் பத்துதா, குழந்தை ஏன் இளைச்சிருக்கு, பவுடர் பால் வாங்கட்டுமான்னு ஒரு மணி நேரம் குடைவாங்க. டென்ஷன் ஏத்துறதும் இவங்கதான், ஆகாதேன்னு சொல்றதும் இவங்கதான்.

இன்னொரு கோஷ்டி தாய்மைக்குக் கோயில் கட்டும். "பால் கொடுக்கிறவளுக்கு இயற்கையே தாங்குற சக்தியைக் கொடுத்துடும்." இதுல கொஞ்சம் உண்மை இருக்கு. எவ்வளவு கொஞ்சம்ங்கிறதுதான் மேட்டரே.

மன அழுத்தம் வந்தால் மூளையில் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தட்டும். பிட்யூட்டரி ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை அனுப்பி அட்ரீனலைத் தட்டும். ரத்தத்தில் கார்டிசால் ஏறும். 1995-ல் அமெரிக்காவில் மார்கரெட் ஆல்டெமஸ் குழுவினர், பால் கொடுக்கும் தாய்மார்களையும் கொடுக்காத தாய்மார்களையும் டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்தார்கள். கொடுப்பவர்களுக்கு ஏசிடிஹெச், கார்டிசால் ரெண்டுமே குறைவாகத்தான் ஏறியது. கோயில் கோஷ்டி இத்தோடு படிக்கிறதை நிறுத்திடும்.

2001-ல் ஜெர்மனியில் மார்கஸ் ஹைன்ரிக்ஸ் குழுவினர் 43 பேரைச் சோதித்தார்கள். அத்தனை பேரும் பால் கொடுக்கிறவங்கதான். சிலரைச் சோதனைக்கு முன்னால் பால் கொடுக்கச் சொன்னார்கள். மத்தவங்க குழந்தையைச் சும்மா வெச்சிருந்தாங்க. அரைமணி கழிச்சு, ஆட்கள் முன்னால் பேச்சு, மனக்கணக்கு. கார்டிசால் அடங்கினது அப்போதுதான் பால் கொடுத்தவங்களுக்கு. மத்தவங்களுக்கு வழக்கம்போல ஏறியது.

அதாவது, இது வருஷம் முழுக்க வாரன்டி இல்லை சாமி. ஒவ்வொரு தடவை குழந்தை சப்பிக் குடிக்கும்போதும் கிடைக்கிற சின்ன நிழல், அவ்வளவுதான்.

அந்த "வத்திடும்" சமாசாரம்? 1948-ல் நியூட்டன் தம்பதி செய்த சோதனையில் மனைவியே சோதனை எலி. தொந்தரவு இல்லாதபோது குழந்தை குடித்தது 168 கிராம். ஐஸ் தண்ணியில் கால், கணக்குக் கேள்வி என்று படுத்தியபோது 99. அதே தொந்தரவோடு ஆக்சிடாசின் ஊசி போட்டதும் 153. பால் உள்ளேதான் இருந்தது. இறங்க விடாமல் தடுத்தது தொந்தரவு. குத்தம் யார் மேல?

ஆபீஸ் கதை இன்னும் மோசம். குழந்தைக்குப் பதினஞ்சு மாசம் ஆகும்வரை தினம் ரெண்டு இடைவேளைன்னு 1961 சட்டத்திலேயே எழுதியாச்சு. 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தால் குழந்தைகள் காப்பகம், நாலு தடவை போய்வர அனுமதின்னு 2017-ல் சேர்த்தார்கள். எங்க துறையில் தம் அடிக்கப் போறவனை யாரும் கணக்குக் கேட்கிறதில்லை. பால் கொடுக்கப் போறவ மட்டும் மேனேஜர் மூஞ்சியைப் பார்க்கணும்.

தாய்மையை யாரும் கும்பிட வேண்டாம். கதவைச் சாத்திக் கொடுத்துட்டு, அரைமணி நேரம் வாயையும் சாத்திட்டு வெளியே நில்லுங்க. போதும்.

டிஸ்கி: பால் கொடுக்க முடியாத அம்மாக்களைக் குத்த இந்தப் பதிவைத் தூக்கிட்டு வர்றவங்க பின்னூட்டத்தில் கும்மப்படுவார்கள் :-)