நீச்சல் உடையும் மானமும்

கவுஞ்சியிலிருந்து ஒரு தோழர் நமக்கு எழுதியிருக்கிறார். மதுரையில் படிக்கும் அவரது மகள் நன்றாய் நீந்தப் பழகி, கடலில் நடக்கும் நெடுந்தூரப் பந்தயத்தில் கலந்துகொள்ள ஆசைப்படுகிறாளாம். அவள் நீந்துவதைப்பற்றி ஊரார்க்கு ஆக்ஷேபணை இல்லையாம். உடுத்தும் உடையைப்பற்றித்தான் ஆக்ஷேபணையாம். "சுடிதாரோடு நீந்தினால் என்ன?" என்று பெரியவர்கள் கேட்கிறார்களாம். நமது அபிப்பிராயம் என்ன என்கிறார் தோழர்.

இந்த மானம் என்பது பெண்ணின் துணியில் மாத்திரம் ஏன் குடியிருக்க வேண்டும்? பட்டப்பகலில் கோவில் குளத்தில் ஆண்கள் கோமணத்தோடு முங்கி எழுகிறார்கள். அதனால் ஊர் மானம் போய்விட்டதென்று யாராவது பஞ்சாயத்துக் கூட்டியதுண்டா?

நிற்க, சுடிதார் யோசனையைத் தண்ணீரிடமே கேட்டுப் பார்ப்போம். நனைந்த தொளதொளத்த துணி நீரில் பின்னுக்கு இழுக்கும், காலைச் சுற்றும், தையல் உப்புநீரில் உராய்ந்து உராய்ந்து அக்குளையும் தொடையையும் புண்ணாக்கும். கிணற்றிலும் ஆற்றிலும் தவறி விழும் பெண்களுக்குச் சேலையும் பாவாடையும் விலங்காகிவிடுவது இதனால்தான்.

இங்கிலீஷ் கால்வாயை 1926 வரை ஐந்தே ஆண்கள்தான் நீந்திக் கடந்திருந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு 6ந் தேதி அமெரிக்கப் பெண்ணான கெர்ட்ரூட் எடர்லி, தாமும் தம் சகோதரியுமாகத் தயாரித்த இரண்டு துண்டு உடையை உடுத்தி, உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கினார். ஏறக்குறைய 14½ மணி நேரத்தில் கரையேறினார். அந்த ஐந்து ஆண்களில் அதிவேகமாய்ப் போனவரையும்விட சுமார் 2 மணி நேரம் குறைவு! நம் நாட்டு ஆரதி சாஹா 1959ல் அதே கால்வாயை 16 மணி 20 நிமிஷத்தில் கடந்தார். புலா சௌத்ரி 2004ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார். இவர்களால் எந்த நாட்டு மானம் கெட்டுவிட்டது?

ஆகவே, உடையைத் தீர்மானிக்க வேண்டியவை மூன்றே: தண்ணீரின் குளிர், பந்தயத்தின் விதி, நீந்துகிறவரின் உடம்பு. கவுஞ்சிப் பக்கத்து ஏரிகளைப்போன்ற குளிர்ந்த நீரில் உடம்பின் சூட்டைக் காக்க ரப்பர் உடை உதவும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலத்துச் சர்வதேச விதிப்படி, 18 டிகிரிக்குக் குறைந்த நீரில் அது கட்டாயம். இங்கிலீஷ் கால்வாயின் பழைய முறையிலோ அது கூடாது. பாக் நீரிணையின் வெதுவெதுப்பான நீரில் அதை மாட்டினால் உடம்பு கொதித்துப்போகும். அங்கு உடம்போடு ஒட்டிய மெல்லிய துணியுடையே போதும். சொறிமீனுக்கும் வெயிலுக்கும் அஞ்சினால், விதி இடங்கொடுக்குமானால், கைகால் மூடிய மெல்லுடை உடுத்தலாம்.

உடம்பை முழுக்க மூடி நீந்த ஒரு பெண் தானே விரும்பினால் அதுவும் அவள் இஷ்டமே. 2016ல் பிரான்சில் சில கடற்கரை ஊர்கள் அப்படிப்பட்ட உடைக்குத் தடை போட்டன. அந்நாட்டு உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் தடையை நிறுத்தி வைத்தது. மூடு என்று அதிகாரம் செய்கிறவனும், கழற்று என்று அதிகாரம் செய்கிறவனும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளே.

கவுஞ்சித் தோழருக்கு நாம் சொல்லுவது இதுதான். பந்தய விதியை வாங்கிப் படியுங்கள். உடையை மகளே தெரிந்தெடுக்கட்டும். புது உடையைப் பந்தயத்தன்று முதன்முதலாய் உடுத்தாமல், முன்னதாக இரண்டு மூன்று மணி நேரம் நீந்திப் பார்த்து, உராயும் இடங்களில் வாசலின் தடவட்டும். தூரத்திலும் தெரியும் நிறத்தில் குல்லா அணியட்டும். பக்கத்தில் படகு இருக்கட்டும்.

ஆக்ஷேபிக்கும் பெரியவர்களோ, அதே படகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுடிதாரும் துப்பட்டாவுமாய் அரை மைல் நீந்திக் காட்டட்டும். கரையேறிய பிறகு மானத்தைப்பற்றிப் பேசிக்கொள்ளலாம்.